தங்கைக்கு டூவீலர் லைசென்ஸ்: வித் கியரா, விதவுட் கியரா?

கரிசல்காடு | கோவில்பட்டி

எல்லோருக்கும் வணக்கம். ஒரு குழப்பத்தோடு வந்திருக்கிறேன். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தங்கைக்கு 19 வயது. திருநெல்வேலியில் பி.எஸ்சி. இரண்டாம் வருஷம். லைசென்ஸ் எடுத்துவிடலாம் என்று நேற்று டிரைவிங் ஸ்கூலுக்குப் போனோம். அங்கே இருந்தவர் எங்களை ஒரு வார்த்தை கேட்காமல் கம்ப்யூட்டரில் "விதவுட் கியர்" என்று போட்டுவிட்டார். ஏன் சார் என்றதற்கு, "பொம்பளைப் பிள்ளை, ஸ்கூட்டிதானே ஓட்டப் போகுது. கியர் வண்டியில எட்டு போட்டு எதுக்குக் கஷ்டப்படணும்?" என்றார். அப்பாவும் தலையாட்டினார். நான்தான் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லிப் பணம் கட்டாமல் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் இரண்டு வண்டி. அப்பாவின் டிவிஎஸ் எக்ஸ்எல் 100, என் ஸ்ப்ளெண்டர். அடுத்த மாதம் வேலைக்காக நான் கோயம்புத்தூர் போகிறேன். ஸ்ப்ளெண்டர் வீட்டில்தான் நிற்கும். ராத்திரி சாப்பிடும்போது தங்கை மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, நீ போன பிறகு அந்த வண்டிய நான் எடுக்கலாமா?" அதுவரைக்கும் எனக்கே தோன்றவில்லை.

வித் கியர் எடுத்தால் எக்ஸ்எல்லும் ஓட்டலாமா? இப்போது விதவுட் கியர் எடுத்துவிட்டு அப்புறம் மாற்ற முடியுமா? ஸ்ப்ளெண்டர் 97 சிசிதான், எக்ஸ்எல் 99.7. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதானே, தனி லைசென்ஸ் எதற்கு?

---

மாட்டுத்தாவணி | மதுரை

நல்ல வேளை, பணம் கட்டாமல் வந்தீர்கள்.

சிசி கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். 1988 மோட்டார் வாகனச் சட்டம் 10ஆம் பிரிவில் பைக்கை இரண்டாகத்தான் பிரிக்கிறது: கியர் இல்லாதது, கியர் உள்ளது. கார்டில் எம்சிடபிள்யூஓஜி, எம்சிடபிள்யூஜி என்று அச்சாகும். உங்கள் வீட்டு எக்ஸ்எல்லின் எஞ்சின் ஸ்ப்ளெண்டரைவிடப் பெரியது. ஆனாலும் அது விதவுட் கியர், ஸ்ப்ளெண்டர் வித் கியர். ஒரே வித் கியர் லைசென்ஸில் 97 சிசி ஸ்ப்ளெண்டரும் ஓட்டலாம், 650 சிசி இன்டர்செப்டரும் ஓட்டலாம்.

வித் கியர் இருந்தால் கியர் இல்லாத வண்டியையும் ஓட்டலாம். ஆனால் விதவுட் கியர் வைத்துக்கொண்டு கியர் வண்டியைத் தொடக் கூடாது. அப்படித் தங்கை ஸ்ப்ளெண்டரை எடுத்தால், அந்த வண்டிக்கு லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கு அபராதம் 5,000 ரூபாய். வண்டி உங்கள் பெயரில் இருப்பதால், ஓட்டக் கொடுத்த உரிமையாளர் என்று 180ஆம் பிரிவில் உங்களுக்கும் தனியாக வரும். தமிழ்நாட்டில் 2022 அக்டோபரிலிருந்து இந்தப் புதிய அபராதத் தொகைகளைத்தான் போடுகிறார்கள்.

அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம், வழி இருக்கிறது. ஆனால் மறுபடி எல்எல்ஆர் போட வேண்டும், 30 நாள் காத்திருக்க வேண்டும், மறுபடி எட்டு போட வேண்டும். மத்திய விதிப்படி எல்எல்ஆருக்கு வகுப்பு ஒன்றுக்கு 150, அதற்கான தேர்வுக்கு 50, ஓட்டிக் காட்டும் தேர்வுக்கு வகுப்பு ஒன்றுக்கு 300, லைசென்ஸுக்கு 200. பின்னால் ஒரு வகுப்பைச் சேர்ப்பதற்கு 500 தனி. மாநில சேவைக் கட்டணம் இதற்கு மேல். பணத்தைக்கூட விடுங்கள், கல்லூரிப் பிள்ளை இரண்டு தடவை லீவு போட்டு அலைய வேண்டும்.

---

வண்டிக்கடைக்காரர் | திண்டுக்கல்

தம்பி, 31 வருஷமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறேன். வித் கியர் எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கூட்டர் என்றாலே விதவுட் கியர் என்று பலர் நினைக்கிறார்கள். பழைய பஜாஜ் சேத்தக்கில் இடது கைப்பிடியைக் கிளட்சோடு சேர்த்துத் திருப்பினால் நாலு கியர். அது வித் கியர். இப்போது வருகிற எலக்ட்ரிக் சேத்தக்கில் கியரே கிடையாது. பெயர் ஒன்று, வகுப்பு வேறு. எம்80யும் கையால் கியர் மாற்றும் வண்டிதான். ஹீரோ ஹோண்டா ஸ்ட்ரீட் என்று ஒன்று வந்தது, கிளட்ச் பிடியே இருக்காது, காலால் கியர் மாற்ற வேண்டும். அதையும் விதவுட் கியர் லைசென்ஸில் ஓட்ட முடியாது. கிளட்ச் இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை, கியர் இருக்கிறதா என்பதுதான்.

தங்கச்சிக்கு ஸ்ப்ளெண்டர் நல்ல வண்டி. எடை சுமார் 112 கிலோ, சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ஐந்தடி இருக்கிற பிள்ளைக்கும் இரண்டு காலும் ஓரளவு தரையில் ஊன்றும்.

---

காவேரிக்கரை | திருச்சி

இதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்கள் தங்கைக்கு நடக்க இருந்தது எனக்கு நடந்தே விட்டது.

2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு அரசு மானியத்தில் ஸ்கூட்டர் கொடுத்தார்கள், அம்மா இருசக்கர வாகனத் திட்டம். வண்டி விலையில் பாதி அல்லது 25,000 ரூபாய், இதில் எது குறைவோ அது மானியம். லைசென்ஸ் வேண்டும் என்றதும் எங்கள் தெருவில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து ஒரே டிரைவிங் ஸ்கூலுக்குப் போனோம். ஒருத்தரிடமும் எந்த வகுப்பு வேண்டும் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் விதவுட் கியர். அப்படி இரண்டு வகுப்பு இருக்கிறது என்பதே கார்டு கைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. என் கூட வந்த தம்பிக்கு அதே நாள் அதே ஆள் வித் கியர் போட்டுக் கொடுத்தார். அவனிடமும் கேட்கவில்லை. அவன் ஆண், அவ்வளவுதான்.

அந்த ஸ்கூட்டர்தான் என்னை வேலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதற்கு நன்றியோடுதான் இருக்கிறேன். ஆனால் மூன்று வருஷத்துக்கு முன் ஒரு ராத்திரி மாமனாருக்கு நெஞ்சு வலி. என் ஸ்கூட்டர் சர்வீஸில் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூரில். வாசலில் அவருடைய பைக் சாவியோடு நிற்கிறது. எனக்கு அதை ஓட்டவும் தெரியாது, ஓட்ட அனுமதியும் கிடையாது. 108க்குப் போன் போட்டு ஆம்புலன்ஸ் வந்துவிட்டது, அவர் நன்றாக இருக்கிறார். நெஞ்சு வலிக்காரரை பைக்கில் ஏற்றவும் கூடாதுதான், அது தெரியும். ஆனால் ஆம்புலன்ஸ் போன பிறகு நான் பின்னாலேயே போக முடியவில்லை. ஆட்டோ கிடைக்க முக்கால் மணி நேரம். அந்த முக்கால் மணி நேரமும் பைக்கைப் பார்த்துக்கொண்டே படியில் உட்கார்ந்திருந்தேன்.

போன வருஷம் கற்றுக்கொண்டேன். 38 வயதில் எல்எல்ஆர் போட்டு, எட்டு போட்டு, வித் கியர் சேர்த்தாயிற்று. 19 வயதில் இதைவிடச் சுலபமாக வரும். தங்கையைக் கேளுங்கள், அவளுக்கு விருப்பம் என்றால் யார் பேச்சையும் கேட்க வேண்டாம்.

---

ஓசூர்க்காற்று | ஓசூர்

எனக்கு மாற்றுக் கருத்து இருக்கிறது. நான் எலக்ட்ரிக் வண்டித் துறையில் வேலை பார்க்கிறேன். ஐக்யூப், ஏதர், சேத்தக், ஓலா, ரோட்டில் போகிற எந்த எலக்ட்ரிக் ஸ்கூட்டரை எடுத்தாலும் கியர் கிடையாது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை கொடுக்கும், அதற்குக் கியர் தேவையில்லை. ரிவோல்ட் மாதிரிப் பைக் உருவத்தில் வருவதிலும் கியர் இல்லை. இன்னும் பத்து வருஷத்தில் தங்கை வாங்கப் போகிற வண்டி அனேகமாக எலக்ட்ரிக்தான். ஓட்டவே போகாத வண்டிக்காக இப்போது எதற்குப் பயந்து பயந்து எட்டு போட வேண்டும்? விதவுட் கியர் எடுத்துவிட்டு நிம்மதியாகக் கல்லூரிக்குப் போகட்டும்.

---

வண்டிக்கடைக்காரர் | திண்டுக்கல்

ஓசூர் தம்பி, உங்கள் துறையைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்தப் பிள்ளை பத்து வருஷம் கழித்து வாங்கப் போகிற வண்டியைக் கேட்கவில்லை, அடுத்த மாதம் வாசலில் நிற்கப் போகிற வண்டியைக் கேட்கிறது. அது ஸ்ப்ளெண்டர். நாலு கியர்.

எலக்ட்ரிக்கிலும் கியர் வந்துவிட்டது. மேட்டர் ஏரா என்று அகமதாபாத்தில் செய்கிறார்கள், அதில் நாலு கியர், கிளட்சும் உண்டு.

---

ஓசூர்க்காற்று | ஓசூர்

சரி அண்ணே, வாசலில் நிற்கிற வண்டிதான் கணக்கு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒன்று. வீட்டில் கியர் வண்டியே இல்லாதவர்களையும், கற்றுக்கொள்ள விருப்பம் இல்லாதவர்களையும் "எதற்கும் இருக்கட்டும்" என்று கியர் வண்டியில் ஏற்றாதீர்கள். என் அம்மாவை அப்படித்தான் சொந்தக்காரர் ஒருவர் வற்புறுத்தினார். கிளட்சைச் சட்டென்று விட்டு வண்டி பாய்ந்து, மணிக்கட்டு முறிந்துவிட்டது. அதற்கப்புறம் ஸ்கூட்டர் பக்கமே போகவில்லை. ஒரு வருஷம் போன பிறகு நானே உட்கார வைத்துச் சொல்லிக்கொடுத்து விதவுட் கியர் எடுக்க வைத்தேன். இப்போது தினமும் உழவர் சந்தைக்குப் போகிறார். அவருக்கு அதுதான் சரியான லைசென்ஸ்.

---

காவேரிக்கரை | திருச்சி

இதை முழுதாக ஏற்கிறேன் ஓசூர்க்காற்று. அம்மாவுக்கு இப்போது கை நன்றாக இருக்கிறதா? கேட்காமல் விதவுட் கியர் போட்டதும் தப்பு, கேட்காமல் கியர் வண்டியில் ஏற்றியதும் தப்பு.

---

உப்பாறு | தூத்துக்குடி

அபராதம் 5,000 ரூபாயோடு போய்விடும். பெரிய அடி இன்சூரன்ஸில்தான். எங்கள் வீட்டில் பட்டோம்.

என் மச்சானிடம் இருந்தது விதவுட் கியர் லைசென்ஸ். முதலில் ஸ்கூட்டர் வைத்திருந்தான், அப்போது எடுத்தது. பிறகு 150 சிசி பைக் வாங்கினான். ஷோரூமில் லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது என்றான், நகல் வாங்கிக்கொண்டார்கள். யாரும் வகுப்பைப் பார்க்கவில்லை, அவனும் பார்க்கவில்லை. எட்டு மாதம் கழித்து மழையில் சறுக்கி ஒரு சுவரில் மோதினான். கடவுள் புண்ணியத்தில் ஆளுக்குச் சிராய்ப்புதான். வண்டி முன்பக்கம் போய்விட்டது, 46,000 ரூபாய் எஸ்டிமேட். சர்வேயர் வந்து லைசென்ஸைக் கையில் வாங்கினார், திருப்பிப் பார்த்தார், கார்டில் ஒரு எழுத்தின் மேல் விரலை வைத்தார். அந்த "ஓ" எழுத்து. அவ்வளவுதான், கிளைம் இல்லை என்று கடிதம் வந்தது.

ஆளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்திருப்போம் என்று இன்றைக்கும் அக்கா சொல்லி அழுவாள்.

---

மாட்டுத்தாவணி | மதுரை

உப்பாறு சொன்னது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். மூன்று வகைப் பணம் இருக்கிறது, மூன்றுக்கும் கதை வேறு.

சொந்த வண்டியின் சேதத்துக்கு, ஓட்டியவரிடம் அந்த வகுப்புக்கு லைசென்ஸ் இல்லை என்றால் கம்பெனி மறுக்கலாம். மச்சானுக்கு நடந்தது அதுதான்.

பாலிசியோடு வருகிற 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு வண்டி உரிமையாளருக்கானது. அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. அக்கா அழுவதில் நியாயம் இருக்கிறது. குடும்பத்துக்கு வர வேண்டிய பணத்துக்கே சிக்கல் வந்திருக்கும்.

மூன்றாவது, நாம் இடித்து வேறு யாருக்காவது அடிபட்டால் அவருக்குப் போகிற நஷ்டஈடு. இதில் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. லைசென்ஸ் சரியில்லை என்பதை மட்டும் காட்டிக் கம்பெனி கைகழுவ முடியாது. வண்டி உரிமையாளர் தெரிந்தோ அலட்சியமாகவோ விதியை மீறினார் என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். லைசென்ஸில் இருக்கிற வகுப்பு ஒன்று, ஓட்டிய வண்டி வேறு என்ற நிலைமையையும் அந்தத் தீர்ப்பு பேசுகிறது. அந்தக் குறைதான் விபத்துக்குக் காரணமா என்று பார்க்க வேண்டும் என்கிறது. அடிபட்டவருக்குப் பணம் போய்ச் சேரும். ஆனால் மீறல் நிரூபணமானால் அந்தப் பணத்தைக் கம்பெனி உரிமையாளரிடமிருந்து திரும்ப வசூலிக்கலாம். கரிசல்காடு, உங்கள் ஸ்ப்ளெண்டர் என்றால் அந்த உரிமையாளர் நீங்கள்.

இதைப் படிக்கிற எல்லோரும் இப்போதே பர்ஸிலிருந்து கார்டை எடுத்து ஒரு தடவை பாருங்கள்.

---

செண்பகத்தோப்பு | ஸ்ரீவில்லிபுத்தூர்

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். பையன் பிளஸ் ஒன், 16 வயது முடிந்துவிட்டது. டியூஷன் ஆறு கிலோமீட்டர். 16 வயதிலேயே விதவுட் கியர் லைசென்ஸ் எடுத்து டிவிஎஸ் ஓட்டலாம் என்கிறார்களே, உண்மையா?

---

மாட்டுத்தாவணி | மதுரை

ஐயா, பாதி உண்மை. பெற்றோர் சம்மதத்தோடு 16 வயதில் எடுக்கலாம், ஆனால் 50 சிசிக்கு மேல் போகாத வண்டிக்கு மட்டும். 1980இல் டிவிஎஸ் 50 வந்த காலத்தில் அதற்கு அர்த்தம் இருந்தது. ஊரில் இன்னும் எல்லா மொபெட்டையும் "டிவிஎஸ் ஃபிஃப்டி" என்றே சொல்வதால்தான் இந்தக் குழப்பம். இப்போதைய எக்ஸ்எல் 99.7 சிசி, ஆக்டிவா 109 சிசி. 50 சிசிக்குள் ஷோரூமில் வண்டி தேடினாலும் கிடைக்காது. 16 வயது லைசென்ஸை வைத்துக்கொண்டு எக்ஸ்எல் ஓட்டினால் லைசென்ஸ் இல்லாததற்குச் சமம்.

சிறுவர் ஓட்டி மாட்டினால் 199ஏ பிரிவு. பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருஷம் வரை சிறையும். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. எல்லாவற்றையும்விட, பையனுக்கு 25 வயது வரைக்கும் எல்எல்ஆர் கிடைக்காது. கல்லூரி முடித்து வேலைக்குப் போன பிறகும் லைசென்ஸ் இருக்காது, யோசித்துப் பாருங்கள்.

மோட்டார் திறன் 250 வாட்டுக்கும் வேகம் 25 கிலோமீட்டருக்கும் உள்ளே இருக்கும் எலக்ட்ரிக் வண்டிகளுக்கு லைசென்ஸும் பதிவும் தேவையில்லை. அவற்றைச் சட்டம் மோட்டார் வாகனமாகவே எடுத்துக்கொள்வதில்லை. வாங்கினால் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். வேகம் கூட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொன்னால் வேண்டாம் என்றுவிடுங்கள். கூட்டிய நிமிஷத்தில் அந்த விலக்கு போய்விடும். இல்லையென்றால் இரண்டு வருஷம் சைக்கிள்.

---

செண்பகத்தோப்பு | ஸ்ரீவில்லிபுத்தூர்

25 வயது வரைக்கும் என்பது தெரியாது. மிக்க நன்றி. சைக்கிளே வாங்கிவிடுகிறேன்.

---

தென்காசிச்சாரல் | தென்காசி

எல்லோரும் இரண்டு வகுப்பைப் பற்றியே பேசுகிறீர்கள், மூன்றாவதாக எங்களுக்கும் ஒன்று இருக்கிறது. எனக்குச் சிறுவயதில் போலியோவால் வலது கால் பாதித்தது. அரசு கொடுத்த இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். சக்கரம் பொருத்திய வண்டிக்கு மாற்றியமைத்த வாகனம் என்ற வகுப்பில் லைசென்ஸ் எடுக்க வேண்டும். முன்பு இன்வாலிட் கேரேஜ் என்று போடுவார்கள், என் பழைய கார்டில் அந்த வார்த்தை இருந்தது. பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கும். இப்போது சட்டத்தில் அந்த வார்த்தையை எடுத்துவிட்டார்கள்.

ஒரு வேண்டுகோள். உங்களுக்குத் தெரிந்த மாற்றுத்திறனாளி யாராவது சாதாரண விதவுட் கியர் லைசென்ஸில் இந்த வண்டி ஓட்டினால் சொல்லி மாற்றச் சொல்லுங்கள். மேலே உப்பாறு சொன்ன அதே சிக்கல் வரும்.

---

தேக்கா | சிங்கப்பூர்

இங்கே பத்து வருஷமாக இருக்கிறேன், பூர்வீகம் பட்டுக்கோட்டை. இந்தியாவில் ஒரே எட்டில் 100 சிசியிலிருந்து 650 வரைக்கும் கொடுத்துவிடுவதுதான் எனக்குப் பயம். இங்கே 2பி வகுப்பு 200 சிசி வரை, 2ஏ 400 சிசி வரை, அதற்கு மேல் வகுப்பு 2. ஒவ்வொன்றையும் ஒரு வருஷமாவது வைத்திருந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக முடியும், ஒவ்வொன்றுக்கும் தனிப் பயிற்சி, தனித் தேர்வு. நான் முழுதாக ஏறி முடிக்க நாலு வருஷம் ஆனது. அந்த நாலு வருஷத்தில் கற்றதை இப்போதும் ஒவ்வொரு திருப்பத்திலும் உணர்கிறேன்.

ஊரில் சட்டம் கேட்கவில்லை என்றாலும் நாமாக அப்படி ஏறலாம். தங்கை ஸ்ப்ளெண்டரில் தொடங்குவது சரியான படி. லைசென்ஸ் வந்த மறுவாரமே யாராவது புல்லட்டைக் கொடுத்தால் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அது 190 கிலோவுக்கு மேல்.

---

கரிசல்காடு | கோவில்பட்டி

எல்லோருக்கும் நன்றி. காவேரிக்கரை அக்கா எழுதியதை அப்படியே அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு "பிள்ளையவே கேளு" என்றார். கேட்டேன். வித் கியர். இன்று எல்எல்ஆர் போட்டாயிற்று.

வண்டிக்கடைக்காரர் அண்ணே, ஸ்ப்ளெண்டரில் எட்டு போட எப்படிச் சொல்லிக்கொடுப்பது? நான் போட்டு ஏழு வருஷம் ஆகிறது, எனக்கே மறந்துவிட்டது.

---

வண்டிக்கடைக்காரர் | திண்டுக்கல்

சந்தோஷம் தம்பி. எட்டுக்கு அவசரப்பட வேண்டாம், முதல் மூன்று நாள் கிளட்ச் மட்டும். இஞ்சினை ஓடவிட்டு, முதல் கியரில் போட்டு, ஆக்சிலேட்டரைத் தொடாமல் கிளட்சை நூல் நூலாக விடச் சொல்லுங்கள். ஓர் இடத்தில் வண்டி லேசாக முன்னால் சாய்ந்து இழுக்கும். அந்த இடம் விரலுக்குப் பழகிவிட்டால் வண்டி பாயவும் செய்யாது, அணையவும் செய்யாது. ஓசூர் தம்பியின் அம்மாவுக்கு இதைத்தான் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஸ்ப்ளெண்டரில் நாலு கியருமே முன்னால் மிதிப்பது. பல்சர் மாதிரி வண்டிகளில் முதல் கியர் கீழே, மற்றவை மேலே தூக்க வேண்டும். அதனால் எந்த வண்டியில் பழகினாளோ அதையே டெஸ்ட்டுக்குக் கொண்டு போங்கள். ஸ்கூல் வண்டி தருகிறோம் என்பார்கள், பழகாத வண்டி வேண்டாம். ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும்.

எட்டுக்கு இரண்டாவது கியர். ஆக்சிலேட்டரை ஒரே அளவில் லேசாக வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் அடக்க வேண்டும். வளைவில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி உடனே சாயும். முக்கியமானது கண். முன் சக்கரத்தைப் பார்த்தால் கால் தரைக்குப் போய்விடும். அடுத்து எங்கே திரும்ப வேண்டுமோ அந்த இடத்தைத் தலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். மைதானத்தில் இரண்டு செங்கல்லை எட்டின் இரண்டு வயிற்றிலும் வைத்து, முதலில் அகலமாக, நாளாக நாளாகக் கிட்டே நகர்த்துங்கள்.

எல்எல்ஆர் காலத்தில் பின்னால் தோழியை ஏற்றக் கூடாது. லைசென்ஸ் உள்ள, சொல்லிக்கொடுக்கிற ஆள் மட்டும்தான். முன்னும் பின்னும் எல் போர்டு கண்டிப்பாக இருக்க வேண்டும்.

---

கரிசல்காடு | கோவில்பட்டி
*(ஏழு வாரம் கழித்து)*

நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று வந்தேன்.

நான் கோயம்புத்தூர் வந்துவிட்டதால் வாரக் கடைசியில் மட்டும் ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்தேன். மற்ற நாளெல்லாம் அப்பா. காலை ஐந்தரைக்கு எழுந்து அவர் எக்ஸ்எல்லில் முன்னால் போக, இவள் ஸ்ப்ளெண்டரில் பின்னால் மைதானத்துக்குப் போவாளாம். செங்கல் இரண்டையும் அப்பாதான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாராம்.

முதல் டெஸ்ட்டில் போகவில்லை. முதல் வளைவு நன்றாக வந்தாள். நடுவில் குறுக்கே கடக்கும்போது பிரேக் இன்ஸ்பெக்டர் ஏதோ நோட்டில் எழுதுவதைப் பார்த்திருக்கிறாள், இடது கால் தரையைத் தொட்டுவிட்டது. அவர் நல்ல மனுஷர், "பயப்படாதம்மா, ஏழு நாள் கழிச்சு வா" என்றாராம். இரண்டாவது தடவை நான் லீவு போட்டுப் போயிருந்தேன். அன்றைக்கு வந்திருந்த பெண்களில் கியர் வண்டி கொண்டு வந்தவள் இவள் ஒருத்திதான். எட்டு முடித்து வெளியே வந்து நிறுத்தி, நியூட்ரல் விளக்கு எரிகிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் கிளட்சை விட்டாள். கார்டு தபாலில் நேற்று வந்துவிட்டது. எம்சிடபிள்யூஜி. 40 வயது வரை செல்லும் என்று போட்டிருக்கிறது.

இன்னொரு விஷயம். கார்டைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த அப்பா, தனக்கு லைசென்ஸே கிடையாது என்று சொன்னார். முப்பது வருஷமாக டிவிஎஸ் ஓட்டுகிறார், எங்களுக்கு இது தெரியாது. யாரும் நிறுத்திக் கேட்டதில்லை, அதனால் எடுக்கவில்லை என்றார். இப்போது எடுக்க வேண்டும் என்கிறார். 56 வயது, இடது முழங்காலில் வலி உண்டு. எக்ஸ்எல்லைத் தவிர வேறு வண்டியைத் தொட மாட்டார். அவருக்கு எது போடலாம்?

---

வண்டிக்கடைக்காரர் | திண்டுக்கல்

அப்பாவுக்கு விதவுட் கியர் போடுங்கள். எக்ஸ்எல்லையே டெஸ்ட்டுக்குக் கொண்டு போகலாம். அதிலும் எட்டு போடத்தான் வேண்டும், கிளட்ச் இல்லாததால் பின் பிரேக்கைக் கூடுதலாகப் பழகச் சொல்லுங்கள்.

---

மாட்டுத்தாவணி | மதுரை

40 வயது தாண்டியவர் என்பதால் படிவம் 1ஏயில் டாக்டர் சான்றிதழ் வேண்டும். 55க்கு மேல் எடுப்பதால் ஐந்து வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள், அப்புறம் புதுப்பிக்க வேண்டும். எல்எல்ஆர் வரும் வரைக்கும் அவர் வண்டியை எடுக்க வேண்டாம், இன்றிலிருந்தே. மைதானத்துக்குத் தங்கை கூட்டிப் போகட்டும், அவளிடம்தான் இரண்டு வண்டிக்கும் லைசென்ஸ் இருக்கிறதே.

---

கரிசல்காடு | கோவில்பட்டி

சொல்லிவிட்டேன் அண்ணே. சாவியைத் தங்கையிடம் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை எல்எல்ஆருக்குப் போகிறார்கள், அவள்தான் அழைத்துப் போகிறாள்.